ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லாதீர்கள்: கொங்கு வட்டாரப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு வட்டாரத்து மேல்நிலைப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும், முதல்வர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் சொல்லிக்கொடுத்து 2019-ல் ஓய்வு பெற்றவள். முப்பத்தொரு வருட வேலையில் என் மார்ச் மாதங்கள் பெரும்பாலும் பொதுத்தேர்வுப் பணியிலேயே போயின. அறைக் கண்காணிப்பாளராக நின்றிருக்கிறேன். பறக்கும் படையில் போயிருக்கிறேன். செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகப் போயிருக்கிறேன். திருத்தும் மையத்தில் கட்டுக்கட்டாக விடைத்தாள் பார்த்திருக்கிறேன். உங்களில் சிலருடைய பள்ளிக்கே வந்திருக்கிறேன், நீங்கள் கொடுத்த காபியைக் குடித்திருக்கிறேன். அதனால் இதை வெளியாள் எழுதிய கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேர்வில் காப்பி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பிட் அடிக்கும் பையன்தான். சட்டைக் கைமடிப்புக்குள், பெல்ட்டுக்குள், ஜாமெட்ரி பாக்ஸின் அடியில் மைக்ரோ ஜெராக்ஸ் வைத்திருப்பான். நானும் பிடித்திருக்கிறேன். மாட்டியவன் தேர்வு ரத்தாகும், அடுத்த தேர்வு எழுதவும் தடை வரலாம், ஊரில் தலைகாட்ட முடியாது. அவனைப் பற்றி நான் எழுத வரவில்லை. அவனுக்குத் தண்டனை உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். ஒரு துண்டுக் காகிதத்தோடு அறைக்குள் வந்து எல்லோருக்கும் விடை சொல்லிவிட்டுப் போகும் பெரியவர்களைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அவர்களுக்கு அந்த வருடம் ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துகிறோம்.

பதினைந்து வருடம் இருக்கும். ஒரு சிறு நகரத்துத் தனியார் பள்ளியில் தேர்வு மையம். அன்று இயற்பியல். குலுக்கலில் எனக்கு மாடியில் ஒரு அறை விழுந்தது. வினாத்தாள் கொடுத்து, படித்துப் பார்க்கும் பத்து நிமிடம் முடிந்து, பிள்ளைகள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பள்ளியின் பெரியவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர், காலையில் எங்கள் எல்லோரையும் பேர் சொல்லி விசாரித்தவர். பின்னால் ஓர் இளம் ஆசிரியர், கையில் மடித்த தாள்.

"டீச்சர், ஒரு மார்க்கு கேள்விக்கு மட்டுமுங்க. பாவம், காட்டு வேலைக்குப் போறவங்க ஊட்டுப் புள்ளைங்க. பாஸாகிப் போகட்டுமுங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். செத்த நேரம் அந்த ஜன்னல் பக்கமா நின்னுக்கங்க."

நான் நின்றேன். வெளியே ஒரு வேப்ப மரம், அதன் நிழலில் மூன்று பள்ளி வேன்கள். பின்னால் தாழ்ந்த குரலில் "ஒண்ணு சி, ரெண்டு ஏ, மூணு டி" என்று ஓடிக்கொண்டிருந்தது. இடையில் சந்தேகம் வராமல் இருக்கட்டும் என்று சில விடைகளை முழுதாகவே சொன்னார். ஹைட்ரஜன் நிறமாலையில் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் வருவது எந்த வரிசை என்று ஒரு கேள்வி. "லைமன்" என்றார். அது தப்பு. லைமன் வரிசை புற ஊதாப் பகுதியில் விழும். கண்ணுக்குத் தெரிவது பாமர். அணு அமைப்பு என் பாடத்திலும் உண்டு என்பதால் காதில் விழுந்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் ஒரு மார்க்கை எல்லாம் முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போயிருந்தாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பேனாவை நிறுத்தினாள். பக்கத்தைப் பின்னால் திருப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். எதையோ அடித்துவிட்டு மேலே எழுதினாள். மணியடித்து விடைத்தாள் வாங்கும்போது பார்த்தேன். "பாமர்" என்று எழுதியதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் "லைமன்".

தெரிந்து, யோசித்து, சரியாக எழுதிய பெண் அவள். ஆசிரியர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காகத் தனக்குத் தெரிந்ததைத் தானே அடித்துக்கொண்டாள். சரியான விடை தெரிந்த இன்னொரு ஆசிரியை அதே அறையில் இருந்தும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அதுவும் விடை சொல்லிக் கொடுத்ததாகத்தான் ஆகியிருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற கணத்திலேயே அவளுக்கு எந்த விதத்திலும் உதவ முடியாத இடத்துக்கு நான் போய்விட்டேன். அன்றைக்கு நான் புகார் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதியிருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் பெயர் கூட எனக்குத் தெரியாது. அந்தக் கோடு மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

"ஒரு மார்க்கு மட்டும்" என்கிறீர்களே, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இன்றைய பிளஸ் டூ இயற்பியலிலோ வேதியியலிலோ எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15. ஒரு மதிப்பெண் வினாக்கள் எத்தனை? அதுவும் 15. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் நாமே 30 போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அறைக்குள் வந்து பதினைந்தைச் சொல்லிவிட்டால் 45 ஆகிறது. ஒரு வரி கூடச் சொந்தமாக எழுதாத பிள்ளை ஒரு முழுப் பாடத்தில் தேறிவிடலாம். ஒரு மார்க் என்பது அவ்வளவு பெரிய கதவு.

தேறாத பிள்ளைக்கு மட்டும்தானே சொல்கிறோம் என்றும் சிலர் சொல்வதுண்டு. அறையில் சொன்னால் எல்லோருக்கும்தான் கேட்கும். 2007 முதல் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைத்து ஐம்பது ஐம்பதுக்கு, ஆக இருநூறுக்கு கட்-ஆஃப். இயற்பியலில் இரண்டு மார்க் கூடினால் கட்-ஆஃபில் ஒன்று கூடும். அந்த ஒன்றுக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். நம் பள்ளிப் பிள்ளைக்கு நாம் தூக்கிக் கொடுக்கும் ரெண்டு மார்க்கில், தாளவாடி மலையிலிருந்தோ அந்தியூர்ப் பக்கத்திலிருந்தோ, யாரும் வந்து விடை சொல்லாத அறையில் உட்கார்ந்து எழுதிய ஒரு பிள்ளை பின்னுக்குப் போகிறது. அந்தப் பிள்ளையின் முகம் நமக்குத் தெரியாது என்பதால்தான் நம்மால் இதைச் செய்ய முடிகிறது.

எங்கள் ஊர் தடப்பள்ளி வாய்க்கால் ஓரம். சின்ன வயதில் அப்பாவோடு சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவேன். அங்கே பாலின் தரத்துக்கு டிகிரி பார்ப்பவர் கண்டிப்பான ஆள். ஒருநாள் ஒரு வீட்டுப் பாலில் தண்ணீர் கலந்திருந்ததை அவர் திருப்பி அனுப்பியபோது, பாவம், விட்டுவிடக் கூடாதா என்று அப்பாவிடம் கேட்டேன். "எல்லார் பாலும் ஒரே கேன்ல போகுது கண்ணு. அங்க போனா மொத்தக் கேனுக்கும் வெலை கொறையும். அவரு பாவம்னு விட்டா மத்தவங்க பாவமில்லையா?" என்றார். மார்க்கும் ஒரே கேனில்தான் போய்ச் சேர்கிறது. கவுன்சலிங்கில் எந்த மார்க் எந்த அறையிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேனில் நேர்மையான உழைப்பு எவ்வளவு இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பிளஸ் டூ தேர்ச்சியில் திருப்பூர் மாவட்டம் 2019, 2020, 2024 ஆண்டுகளில் மாநிலத்திலேயே முதலிடம். ஈரோடும் கோவையும் நாமக்கல்லும் மேலே இருந்துகொண்டே இருக்கின்றன. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவரும் பெற்றோர் வீட்டுப் பிள்ளைகளை மாலை ஏழு மணி வரை வைத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களை எனக்கு நேரில் தெரியும். பள்ளிக்கு வராத பையனைத் தேடி ஞாயிற்றுக்கிழமை சாயப்பட்டறைக்கே போன தலைமையாசிரியர் ஒருவரைத் தெரியும். ஏதோ ஓர் அறையில் யாரோ விடை வாசித்தால், இவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்து "அங்கயெல்லாம் எப்படி மார்க்கு வருதுன்னு தெரியாதா" என்று அடுத்த மாவட்டத்தில் பேசுகிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்க முடியவில்லை.

அப்புறம், செய்முறைத் தேர்வு. இதை நாம் காப்பி என்றே நினைப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புறத்தேர்வாளராக ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். உப்புப் பகுப்பாய்வு. யாருக்கு எந்த உப்பு என்று முந்தைய நாளே சொல்லிவிட்டிருக்கிறார்கள் என்பது போன உடனே தெரிந்தது. பிள்ளைகள் சோதனைக் குழாயைத் தொடாமலே தாளில் முழுச் செய்முறையையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் முன்னால் இருந்த வாட்ச் கிளாஸில் நல்ல நீல நிறத்தில் உப்பு. பார்த்தாலே காப்பர் சல்பேட். ஏதோ மாற்றி வைத்துவிட்டார்கள் போல. அவன் தாளில் முதல் வரி: "நிறம்: வெள்ளை." முடிவு: துத்தநாக சல்பேட்.

"தம்பி, இது என்ன கலருப்பா?" என்றேன்.

உப்பைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். அப்புறம் அவனுடைய ஆசிரியரைப் பார்த்தான். பதில் சொல்லவில்லை.

கண்ணெதிரே நீலமாக இருப்பதை வெள்ளை என்று எழுத ஒரு பிள்ளையைப் பழக்குவதற்கு நாம் இரண்டு வருடம் செலவழித்திருக்கிறோம். வேதியியலின் முதல் பாடமே பார்ப்பதுதான். பார், எழுது, பிறகு யோசி. அதையே எடுத்துவிட்டு மற்றதைக் கொடுத்து என்ன பயன்?

இன்னொரு பையன், என் பள்ளிப் பையனே. செய்முறையில் 50-க்கு 50 வாங்கியவன், அந்தக் காலத்தில் அது ஐம்பது. கோவையில் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு வாரத்தில் பட்டறைக்காரர் எனக்குப் போன் செய்தார். தெரிந்தவர்தான், கோபமெல்லாம் இல்லை. "ஏனுங்க டீச்சர், பையன் நல்ல பையனா இருக்கான். வெர்னியர் பாக்கத் தெரியலீங்களே. பன்னெண்டாவதுல அதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?" சொல்லித் தருகிறோம் என்றுதான் பாடத்திட்டம் சொல்கிறது. முழு மார்க்கும் சொல்கிறது. பம்பு செட்டும் மோட்டாரும் உதிரிபாகமும் செய்து பிழைக்கும் ஊரில், அளக்கத் தெரியாத பிள்ளைக்கு அளக்கத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறோம்.

ரேங்க் காலம் உங்களுக்கு மறந்திருக்காது. பேருந்து நிலையம் முழுக்க ஃபிளெக்ஸ், மாநில முதலிடம், மாவட்ட மூன்றாமிடம், சென்டம் எடுத்தவர்கள் படம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே திரும்பத் திரும்ப எழுத வைத்த பள்ளிகள் நம் வட்டாரத்தில் இருந்தன. வெளியூர்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து ஹாஸ்டலில் சேர்த்துவிட்டுப் போனவர்களும் இதைத் தெரிந்தேதான் சேர்த்தார்கள். அதையும் நான் காப்பியில்தான் சேர்ப்பேன். படிக்காத பாடத்தைப் படித்ததாக மாற்றுச் சான்றிதழில் எழுதுகிறோம் அல்லவா? அந்தப் பிள்ளைகள் பொறியியல் முதலாண்டுக் கணிதத்தில் அரியர் வைத்துக்கொண்டு வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். நீட் வந்த பிறகு நிலைமை இன்னும் வெளிச்சமானது. அதில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்துக்கும் சம இடம்.

2017-ல் நம் கோபிக்காரர் கே.ஏ.செங்கோட்டையன் பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்தபோது ரேங்க் வெளியிடுவதை அரசு நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. பிளஸ் டூ மொத்த மார்க் ஆயிரத்து இருநூறிலிருந்து அறுநூறானது. அன்று நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். இப்போது 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பெரிய பாரம், குறைத்தது சரிதான். ஆனால் பழைய வழி மறுபடி திறந்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். அந்த வழியில் போகாதீர்கள் என்று இந்தக் கடிதத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வித்தாள் கசிவு பெரிய செய்தியாகிறது. 2015 மார்ச்சில் ஓசூரில், பிளஸ் டூ கணிதத் தேர்வன்று அறைக் கண்காணிப்புக்குப் போன தனியார் பள்ளி ஆசிரியர்கள் வினாத்தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகக் கைதானார்கள். 2024-ல் நீட் வினாத்தாள் கசிந்து நாடே பேசியது. அந்த வருடம் ஜூனில் மத்திய அரசின் சட்டமும் அமலுக்கு வந்தது, கூட்டாகச் செய்தால் குறைந்தது ஒரு கோடி ரூபாய் அபராதம். அந்தச் சட்டம் தேசிய அளவிலான தேர்வுகளுக்கு. மாடி அறையில் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பவரை எந்தச் சட்டமும் வந்து பிடிக்கப் போவதில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அமெரிக்காவில் அட்லாண்டா என்ற நகரம். அங்கே மாணவர்களின் மார்க் ஏறவில்லை என்றால் பள்ளிக்கும் தலைமையாசிரியருக்கும் நெருக்கடி. மார்க் மளமளவென்று ஏறியது. அந்த நகரப் பள்ளிகளின் தலைமைக் கல்வி அதிகாரிக்கு 2009-ல் நாட்டின் சிறந்த கல்வி அதிகாரி என்று விருதே கொடுத்தார்கள். 2011-ல் மாநில விசாரணை அறிக்கை வந்தது. தவறான விடைகளை அழித்துச் சரியானதைப் போட்டவர்கள் ஆசிரியர்களே. நாற்பத்து நான்கு பள்ளிகளில் 178 பேர். 2015-ல் பதினொரு பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்தபோது என்னை உறுத்தியது தண்டனையை விட வேறு ஒன்று. வாசிக்கவே தடுமாறிய பிள்ளைகள் தாளில் தேறிவிட்டதால், அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் வகுப்பு கிடைக்காமல் போனது. தேறிவிட்ட பிள்ளைக்கு யார் தனி வகுப்பு எடுப்பார்கள்?

நம்மிடமும் அதேதான் நடக்கிறது. பத்தாம் வகுப்பில் தூக்கிவிட்டவனைப் பதினொன்றில் என்னிடம் அனுப்புவார்கள். மோல் என்றால் என்ன என்று தொடங்க வேண்டிய இடத்தில் பத்தால் வகுக்கத் தெரியாமல் நிற்பான். ஆனால் அறிவியலில் எழுபது மார்க். மெல்லக் கற்கும் மாணவர் பட்டியலில் அவன் பெயரே இருக்காது.

தலைமையாசிரியர்களே, உங்கள் மேல் விழும் அழுத்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. மீளாய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை எழுப்பி நிற்க வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஐம்பத்தைந்து வயதில், ஜூனியர்கள் முன்னால். ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) மெமோ பயம் வேறு. தனியார் பள்ளி ஆசிரியருக்கு ரிசல்ட் போனால் அடுத்த வருடம் வேலையே இல்லை. இந்த அழுத்தம் மேலிருந்து இறங்கி இறங்கி, கடைசியில் பதினேழு வயதுப் பிள்ளையின் பேனா முனையில் வந்து நிற்கிறது. அதிகாரிகளிடம் கேட்க வேண்டியதும் நிறைய உண்டு, அது தனிக் கடிதம். உங்கள் பள்ளி வளாகத்துக்குள் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது.

கண்காணிப்புக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீரும் டீயும் போதும். பிரியாணியும், கடைசி நாள் கவரும் வேண்டாம். அதை வாங்கியவர் அடுத்த நாள் எப்படி வாசலில் உங்களைத் தடுப்பார்? தேர்வு நேரத்தில் தாளாளரோ பள்ளி ஆசிரியர்களோ தேர்வறைத் தளத்துக்கே வராதீர்கள். செய்முறைத் தேர்வில் உப்பை அன்று காலைதான் எடுத்து வையுங்கள், பிள்ளை எழுதியதற்குத்தான் மார்க் போடச் சொல்லுங்கள். பன்னிரண்டு வாங்கியவனுக்குப் பன்னிரண்டு. வானம் இடிந்து விழாது. ஆல் பாஸ் காட்டுவதற்காக ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் டிசி கொடுத்து அனுப்பும் வேலையை விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று ஒருமுறை உங்கள் ஊர் தறிப்பட்டறைகளில் போய்ப் பாருங்கள்.

ஒருவர் இருவர் தேறவில்லை என்றால் தேறவில்லைதான். ரிசல்ட் வந்த சில வாரங்களில் துணைத் தேர்வு இருக்கிறது. அதில் தேறி அதே வருடம் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த இடைவெளியில் ஒரு ஆசிரியர் கூட உட்கார்ந்தால் போதும், அவர்கள் தேறுவார்கள். அந்தத் தேர்ச்சி அவர்கள் யாருக்கும் கடன்பட்டு வாங்கியதாக இருக்காது. ஆனால் ரிசல்ட் வந்த அன்றே தேறாத பிள்ளையின் எண்ணைக் கூட நாம் மறந்துவிடுகிறோம், தொண்ணூற்றெட்டு சதவீதத்தைக் கொண்டாடப் போய்விடுகிறோம்.

அந்த வேலைக்கு நான் வருகிறேன். கோபி, நம்பியூர், அந்தியூர்ப் பக்கம் எந்தப் பள்ளியானாலும் சரி, அரசுப் பள்ளியோ தனியாரோ. துணைத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். சம்பளம் வேண்டாம், பஸ் பாஸ் இருக்கிறது. இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் என்னோடு ஓய்வு பெற்ற இருவர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். ஒரு அறை, ஒரு கரும்பலகை, கொஞ்சம் உப்புகளும் சோதனைக் குழாய்களும் இருந்தால் போதும். முதல் நாள் காப்பர் சல்பேட்டில் இருந்து தொடங்கலாம் என்று நினைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை வேதியியல் ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம் வட்டம்